மிச்சம் வைத்த குளிசைகள்

கிளினிக் நாளென்றால் அக்கா விடிய முன்னரே எழும்பி, குளித்து, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுக் கதிரையில் வந்து இருந்துவிடுவார். படகுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கும். கைப்பை மட்டும் மடிக்கு வந்துவிடும். நான் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்று குடிப்பேன். வெறும் வயிற்றோடு இருக்கிறவர்களைச் சீண்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். தலை நரைத்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

“ஒரு மிடறு தண்ணியெண்டாலும் குடிச்சிட்டு வாங்கோவன்.”

“இரத்தம் எடுக்கிற நாள். பிழையா வந்தா ஆர் மறுமொழி சொல்லுறது?”

“தண்ணிக்குள்ள என்ன சீனியே கிடக்கு?”

“நீ உன்ர தேத்தண்ணியைக் குடி.”

அதோடு கதை முடிந்துவிடும். அக்காவோடு வாய் கொடுத்து நான் வென்ற நாள் ஒன்றுகூட இல்லை.

அக்காவுக்குச் சீனி வருத்தம் வந்து கன காலம். பிறகு சிறுநீரகமும் பாதி பழுது என்றார்கள். எங்கள் நெடுந்தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. காய்ச்சல் தடிமனுக்கு அது போதும். சிறுநீரகத்தைப் பார்க்கிற பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்தில்தான். அதற்கு மாவிலித்துறையில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, நெரிசலில் அடிபட்டுப் பஸ்ஸில் இடம் பிடித்து, மடத்துவெளியைத் தாண்டி, கடலுக்கு நடுவே போகிற வீதியால் வேலணைக்கு வந்து, பண்ணைப் பாலத்தையும் கடந்து பட்டணம் சேர வேண்டும். பிறகு அதே வழியால் திரும்ப வேண்டும். போகிறதுக்கும் வருகிறதுக்கும் ஒரு முழு நாள் போய்விடும்.

சில தரம் நானும் கூடப் போவேன். இரத்தம் கொடுத்து முடிந்த பிறகாவது எதையாவது குடிப்பார் என்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், ஒரு பணிஸை எடுத்து வறட்டு வறட்டென்று தின்பார். தேத்தண்ணீர் நெஞ்சைக் கரிக்கும் என்பார். சோடா பல்லைக் கூசும் என்பார். இளநீர் தடிமனாக்கும் என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கைவசம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றி வைக்காமல் நேரே குசினிக்குள் போவார். செம்பை அண்ணாந்து மடக்கு மடக்கென்று குடிக்கிற சத்தம் விறாந்தை வரைக்கும் கேட்கும்.

அக்காவின் கணவர் காலமாகி நெடுங்காலம். பிள்ளைகள் இல்லை. என் மனைவியும் செத்து, மகனும் கனடாவுக்குப் போன பிறகு நான் என் வீட்டைப் பூட்டிப்போட்டு அக்காவின் வளவுக்கு வந்து சேர்ந்தேன். ஆளுக்கொரு அடுப்பு எரிப்பானேன் என்று அக்காதான் கூப்பிட்டார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தோமே தவிர, பெரிதாய் ஒன்றும் கதைத்துக்கொண்டதில்லை. மாடு கட்டியாயிற்றா, கறிக்கு உப்புக் காணுமா, மழை வரும்போல் கிடக்கா, இவ்வளவுதான் எங்கள் கதை. உடம்பைப் பற்றிப் பேசுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. அதிலும் அக்காளும் தம்பியும் எதைப் பேசுவது?

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறினவன். சோளகக் காற்று எழும்ப முன்னர் அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாவற்றையும் படகில் ஏற்றி வந்து அடுக்கி வைப்பதுதான் உத்தியோகத்தில் எனக்குப் பெரிய வேலை. காற்று எழும்பினால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் எங்கள் தீவுக்குக் கடவுள் விட்ட வழி. ஆகவே எதையும் முழுக்கத் தீர்க்காமல் கொஞ்சம் எடுத்து வைப்பது எங்கள் ஆட்களுக்குப் பிறவிக் குணமாகவே போய்விட்டது. விறகு எடுத்து வைப்போம், எருவராட்டி எடுத்து வைப்போம், ஒடியல், கருவாடு, மழைத்தண்ணீர் எல்லாம் எடுத்து வைப்போம். அந்த வரிசையில் மருந்துக் குளிசையையும் எடுத்து வைத்தோம்.

டொக்டர் ஒரு கிழமைக்கென்று சொல்லிக் கொடுப்பார். ஒன்றிரண்டு நாளில் சுகம் வந்துவிடும். அதற்குப் பிறகு மிச்சத்தை ஒருவரும் விழுங்க மாட்டார்கள். சுகம் வந்த பிறகும் மருந்து குடிப்பது எங்கள் ஊரில் விடிந்த பிறகும் விளக்கு எரிக்கிற வேலை. மிச்சத்தைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டால் காற்றுக் காலத்துக்கு உதவும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். அக்கா ஒரு பழைய பால்மாத் தகர ரின்னில் போட்டு வைத்திருந்தார். பேர் ஒன்றும் தெரியாது. நிறத்தை வைத்துத்தான் கணக்கு. சிவப்பும் மஞ்சளும் சளிக்கு, நீட்டு வெள்ளை காய்ச்சலுக்கு, சின்ன மஞ்சள் வேறு எதற்கோ. பக்கத்து வளவுப் பெண் கல்வேலிக்கு மேலால் கையை நீட்டி, “அக்கா, அந்தச் சின்ன மஞ்சள் குளிசை ரெண்டு கிடக்கோ? பிறகு வாங்கித் தாறன்,” என்று கேட்பார். அக்காவும் கொடுப்பார். பிறகு அக்காவுக்குத் தேவையென்றால் அவர் கொடுப்பார். உப்பும் புளியும் கைமாறுகிற மாதிரித்தான் அதுவும். எங்கள் வீட்டில் எதற்கும் ஒரு ஆயத்தம் இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட.

அந்த முறை சோளகம் கடுமையாக இருந்தது. கொஞ்ச நாள் படகு விட்டு விட்டு ஓடியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. நல்ல காலம், அக்கா கிளினிக்குக்குப் போய்வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பின்னேரம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டு நின்றவர் வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். பகலில் பாயை விரிக்கிற மனிசி இல்லை அவர். போய்ப் பார்த்தால் போர்வைக்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. பல் கிட்டி அடிபடுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. குலப்பன் காய்ச்சல்.

“எங்க நோகுது?”

“ஒண்டுமில்லை. நாரிதான் கொஞ்சம்.”

“அவ்வளவு பெரிய வாளியைத் தூக்கினா நாரி நோகாமல் என்ன செய்யும்?”

அக்கா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், மறுமொழி சொல்லாத அக்கா சுகமான அக்கா இல்லை. ரின்னை எடுத்துத் தரச் சொன்னார். தானே கிண்டிக் கிளறி ஏதோ இரண்டை எடுத்துப் போட்டார். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. எழும்பி இருந்து கஞ்சி குடித்தார், நான் கஞ்சியைக் குழைய விட்டுவிட்டேன் என்று குறையும் சொன்னார். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் முன்னையதைவிட மோசமாய் ஏறியது. ரின்னில் இருந்ததும் முடிந்தது. பக்கத்து வளவுப் பெண் தன்னிடம் இருந்ததைக் கொண்டுவந்தார். வேறு நிறம், வேறு அளவு.

“இது அதைவிடத் திறம் அண்ணை. என்ர மாமிக்குக் காலில புண் வந்தபோது தந்தவை.”

மாமியின் காலுக்குக் கொடுத்த மருந்து அக்காவின் காய்ச்சலுக்கு ஏன் சரிவராது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அக்கா அதையும் விழுங்கினார். பின்னேரமாகும்போது கதை தடுமாறத் தொடங்கியது. செத்துப்போன அத்தானைப் பெயர் சொல்லாமல், “இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது,” என்று கூப்பிட்டார். ஓடிப்போய் ஓட்டோவைக் கூட்டிவந்து, இரண்டு பேராகத் தூக்கி ஏற்றித் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர், வன்னிப் பக்கத்துப் பிள்ளை. அக்காவின் நாரியில், முதுகின் கீழ்ப்பக்கமாக, மெதுவாய் ஒரு தட்டுத் தட்டினார். அக்கா துடித்துப் போனார்.

“அம்மாவுக்கு முந்திச் சலக்கடுப்பு, சிறுநீர் போகேக்க எரிவு, சலத்தில கிருமி எண்டு ஏதும் வந்ததோ ஐயா?”

“இல்லை,” என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சங்கக்கடையில் நின்றுகொண்டு மண்ணெண்ணெய் இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னேன்.

அக்கா கண்ணை மூடியபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். டொக்டர் அதைப் பார்த்துவிட்டார். “ஐயா கொஞ்சம் வெளியில இருங்கோ,” என்றார். வெளியில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தேன். உள்ளே அக்கா மெல்லிய குரலில் கதைப்பது கேட்டது, என்னவென்று கேட்கவில்லை. கன நேரம் கழித்து டொக்டர் வந்தார்.

“இது கன நாளா இருக்குது ஐயா. ஒவ்வொரு தரமும் கிளினிக் போய்வந்த உடன கடுப்புத் தொடங்குமாம். வீட்டில கிடக்கிற குளிசையில ரெண்டு மூண்டைப் போடுவாவாம், நிண்டிடுமாம். உங்களுக்குத் தெரியாதோ?”

“எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?”

கோபமாகத்தான் சொன்னேன். கூடப் பிறந்தவளிடம் போய்ச் சலம் ஒழுங்காய்ப் போகிறதா என்று எங்கள் ஊரில் எந்தத் தம்பி கேட்பான்? இன்றைக்கு யாராவது அதே கேள்வியைக் கேட்டாலும் எனக்கு அதே கோபம்தான் வரும். நான் கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். இது ஒருவருடைய பிழையென்று கைகாட்ட ஏலாத சங்கதி. அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் கிடக்கிறது. யாராவது ஒருவரைப் பிடித்து ஏசித் தீர்த்திருந்தால் கொஞ்சம் இளைப்பாறியிருப்பேன்.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கிருமி கெதியாய்ப் பிடிக்கும். சிறுநீரகமும் பழுதென்றால் பிடித்த கிருமி லேசில் போகாது. அரைகுறையாய் மருந்து குடித்தால் நோஞ்சான் கிருமிகள் சாகும், பலமானவை தப்பும். தப்பினவை அந்த மருந்தைப் பழகிக்கொண்டு பெருகும். “இப்ப அம்மாவுக்குள்ள நிக்கிறது எல்லாம் அப்பிடிப் பழகினதுகள்போலத்தான் கிடக்கு. இஞ்ச வைச்சிருக்க ஏலாது,” என்றார். ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, சலம் போகக் குழாயும் வைத்து, அவசரப் படகுக்குச் சொல்லி அனுப்பினார்.

கடல் கொந்தளித்துக்கொண்டு கிடந்தது. படகின் நடுவில் அக்காவைக் கிடத்தி, ஒரு பக்கம் தாதியும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு இருந்தோம். துறையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் அக்கா கண்ணைத் திறந்தார். ஊசி கொஞ்சம் தெளிய வைத்திருந்தது. தண்ணீர் கேட்டார். குடுக்கலாம் என்று தாதி தலையாட்டினார். போத்தலை வாயில் வைத்துப் பிடித்தேன். அலை தூக்கித் தூக்கிப் போட்டதில் பாதி கழுத்தால் வழிந்தது. ஆனாலும் விடாமல் குடித்தார். முழுப் போத்தலும் முடிந்தது.

“இப்ப பயமில்லைத்தானே,” என்றார்.

“என்ன பயம்?”

“குழாய் வைச்சிருக்கினம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். காய்ச்சல் இல்லாதிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்று நிச்சயமாய் நம்புகிறேன்.

“படகில எங்க தம்பி போறது? இவ்வளவு ஆம்பிளையளுக்கு நடுவில. துறையில இறங்கினாலும் மறைவிடத்துக்கு முன்னால பத்துப் பேர் நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பினம், அவையளைத் தாண்டிப் போறதே? பிறகு பஸ். பஸ்ஸால இறங்கினா கிளினிக் வரிசை. விட்டிட்டுப் போனா இடம் போயிடும். தண்ணி குடிச்சா அடக்க ஏலாது.”

“இரத்தம் எடுக்கிறதுக்கெண்டெல்லே சொன்னனீங்கள்.”

“அதுவும்தான். எங்கட ஊரில பட்டணம் போற பொம்பிளை எவள் தண்ணி குடிச்சிட்டுப் படகேறுறாள்? நீ பாக்கேல்லையே?”

பிறந்த நாளில் இருந்து அந்தக் கடலில் போய்வருகிறவன் நான். எத்தனை ஆயிரம் மூட்டை வந்திறங்கியது என்று கேட்டால் சொல்வேன். படகின் கீழ்த்தட்டில் வரிசையாய் இருக்கிற பெண்களில் ஒருத்தியும் வாய் நனைப்பதில்லை என்பதை நான் பார்த்ததில்லை. என்னோடு மேல்தட்டில் நின்று வெற்றிலை போட்டுத் துப்பிக்கொண்டு வந்த எந்த ஆணும் பார்த்திருக்க மாட்டான். தாதிப் பிள்ளை தன் பாட்டில் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “எங்கட அம்மாவும் அப்பிடித்தான்,” என்றார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அக்காவைப் பெண்கள் வாட்டில் சேர்த்தார்கள். ஆண்கள் பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே போகலாம். மற்ற நேரத்தில் நான் வெளியே மரத்துக்குக் கீழே நின்றேன். இரவுக்குத் தூரத்து உறவுக்காரர் வீட்டு விறாந்தையில் படுத்துக்கொண்டேன். வாட் டொக்டர் நடுவயதுக்காரர். வேகமாக நடந்துகொண்டே கதைப்பார், ஆனால் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் போக மாட்டார். அக்கா இதுவரை என்னென்ன குளிசை போட்டவர் என்று என்னைக் கேட்டார். “சிவப்பும் மஞ்சளும், பிறகு ஒரு நீட்டு வெள்ளை,” என்றேன். அவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். உடனே பக்கத்து வளவுப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். அவர் போய் வெற்று அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அதில் கிடந்த எழுத்தை ஒவ்வொன்றாய் வாசித்தார். நான் டொக்டருக்குத் திருப்பிச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் கேட்டார்:

“என்னட்ட இன்னும் கொஞ்சம் கிடக்குது அண்ணை. அடுத்த படகில குடுத்து விடட்டோ?”

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனுசி. தன் வீட்டு அவசரத்துக்கென்று வைத்திருந்ததைத் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

சலத்தையும் இரத்தத்தையும் எடுத்துக் கிருமி வளர்க்க அனுப்பியிருந்தார்கள். சின்னத் தட்டில் கிருமியை வளரவிட்டு, அதன்மேல் வேறு வேறு மருந்து தோய்த்த பொட்டுப் பொட்டான கடதாசிகளை வைப்பார்களாம். எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி கிட்ட வராமல் வெளித்து நிற்கிறதோ அந்த மருந்துதான் வேலை செய்யும். மறுமொழி வரச் சில நாள் எடுத்தது. அதுவரைக்கும் ஊகித்துத்தான் ஊசி போட்டார்கள். வந்த பிறகு டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: குளிசையாய்க் குடிக்கக்கூடிய எதற்கும் இந்தக் கிருமி அடங்காது. அக்கா ரின்னில் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் அது பழகி முடித்திருந்தது. கையில் இருப்பது விலை கூடிய ஒரு ஊசி மட்டுந்தான்.

அந்த ஊசி வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. அக்கா கட்டிலில் எழும்பி இருந்து சீப்பால் தலை இழுத்தார். ஆஸ்பத்திரிச் சோற்றுக்கு உப்புக் காணாது என்றார். பக்கத்துக் கட்டில் கிழவி இரவிரவாய்க் குறட்டை விடுகிறாள் என்று என்னிடம் கோள் சொன்னார். கன்றுத்தாய்ச்சி மாடு என்ன செய்கிறது என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். நான் போனில் விசாரித்துச் சொன்னேன். நாங்கள் இருவரும் வாழ்நாளில் அவ்வளவு கதைத்தது அந்தப் பார்வை நேரங்களில்தான். தான் சின்ன வயதிலேயே கடுப்பு வந்து அம்மாவுக்குச் சொல்ல வெட்கப்பட்டு மல்லித்தண்ணீர் குடித்துத் திரிந்ததைக்கூடச் சொன்னார். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். இன்னும் ஒரு கிழமையில் வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன்.

பிறகு திரும்பவும் காய்ச்சல். இந்த முறை குலப்பன் இல்லை, மெல்ல மெல்ல ஏறியது. முகம் சாம்பிப் போயிற்று. திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள், திரும்பவும் தட்டில் வளர்த்தார்கள். அந்த விலை கூடிய ஊசிக்கும் அடங்காத கிருமி. இப்படி உடம்பு தளர்ந்தவர்களுக்கு எங்கே வைத்துப் பார்த்தாலும் இது வரக்கூடியதுதான் என்றார் டொக்டர். அன்றைக்கு அவர் நடக்காமல் கதிரையில் இருந்து கதைத்தார். என்னையும் இருக்கச் சொன்னார்.

“ஒரு மருந்துதான் மிஞ்சிக் கிடக்குது ஐயா. பழைய மருந்து. அதுக்கு இந்தக் கிருமி அடங்கும். ஆனா சிறுநீரகத்தைத் தாக்கும். அம்மாவுக்கு ஏற்கனவே பாதிதான் வேலை செய்யுது. போட்டா இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில விடவேண்டி வரலாம், அதைத் தாங்குவாவோ தெரியாது. போடாட்டி, சொல்லத் தேவையில்லை. யோசிச்சு ஒரு முடிவைச் சொல்லுங்கோ.”

குடும்பத்தில் ஆண் என்று நான்தான் இருந்தேன், என்னைத்தான் கேட்டார். வாயைத் திறந்துவிட்டேன். தீவு ஆஸ்பத்திரியில் “இல்லை” என்று சொன்னபோது சுவர்ப் பக்கம் திரும்பின முகம் கண்ணுக்குள் வந்தது.

“அவவைக் கேட்டுச் சொல்லுறன் டொக்டர்,” என்றேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, டொக்டர் சொன்ன அத்தனையையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அக்கா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னையே கேக்கிறாய்?”

“ஓம். உங்கட உடம்பெல்லே.”

அவர் முகத்தில் வந்தது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கலியாணம் பேசினபோது அவரைக் கேட்கவில்லை. காணியைப் பிரித்தபோது கேட்கவில்லை. அத்தான் போன பிறகு எங்கே இருக்கப் போகிறாய் என்றும் ஒருவரும் கேட்கவில்லை. என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வேண்டாமடா, என்னை வீட்டுக்குக் கொண்டுபோ, மாட்டைப் பார்க்க வேணும் என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட மனிசிதான் என் அக்கா என்று வைத்திருந்தேன்.

அக்கா போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார்.

“போடச் சொல்லு. எனக்குச் சாகப் பயமாக் கிடக்கு தம்பி.”

வெளியே போய் டொக்டரிடம் சொன்னேன். திரும்பி மரத்துக்குக் கீழே வந்து நின்று, போகிற வருகிற சனம் பார்க்க அழுதேன். பயமில்லாதவர் என்று நான் நினைத்திருந்த மனிசி, எவ்வளவு காலமாய் எதற்கெல்லாம் பயந்துகொண்டு பக்கத்தில் இருந்தார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

மருந்தைப் போட்டார்கள். காய்ச்சல் மெல்ல இறங்கத் தொடங்கியது. அதே நேரம் சலமும் குறைந்துகொண்டு வந்து நின்றுவிட்டது. காலும் முகமும் வீங்கின. மெசினில் விட்டார்கள். முதல் தரம் தாங்கினார். வந்து படுத்து, “அவ்வளவு கஷ்டமில்லை,” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அடுத்த தரம் மெசினில் இருக்கும்போதே இதயம் நின்றது. பார்வை நேரத்துக்கு மணி அடிக்க முன்னரே என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மணிக்கு முன்னர் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அந்த வாசலில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

காற்று அடங்கியிருந்தபடியால் படகில் கொண்டுவந்தோம். ஊர்ச்சனம் துறைக்கே வந்து நின்றது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம். மாடு கன்று போட்டிருந்தது, பக்கத்து வளவுப் பெண்தான் பார்த்துக்கொண்டார். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வீடு நிறையச் சனம். குசினிக்குள் பெண்கள் படையலுக்குச் சமைத்துக்கொண்டு நின்றார்கள். என் போன் அடித்தது. வாட் டொக்டர்.

“ஐயா, உங்களுக்குச் சொல்லத்தான் வேணும்போல கிடந்தது. கடைசியா எடுத்த இரத்தத்தின்ர மறுமொழி இப்பதான் வந்தது. கிருமி ஒண்டும் வளரேல்லை. எல்லாம் போயிருக்குது.”

“நல்லது டொக்டர்,” என்றேன். “பெரிய உபகாரம்.” பிறகு அவர் வைத்துவிட்டார்.

பக்கத்து வளவுப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். ஆர் அண்ணை என்று கேட்டார். சொல்ல வாய் எடுத்தேன். வந்தது இவ்வளவுதான்:

“ஆஸ்பத்திரியால. அக்காவுக்குச் சுகமாம்.”